முள் ஒடிக்காத திருக்கை

லூர்துமேரி அம்மா அந்தக் கெப்பாசிட்டரைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு முடிச்சிட்டு, மீன் மேடைக்கு அடியில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். முடிச்சை என்னையே அவிழ்க்கச் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். உள்ளே, காபி டம்ளர் உயரத்தில், தலையில் இரண்டு திருகுகளோடு ஒரு கறுப்பு உருளை.

"பிரசாத் பையில கெடந்துச்சு. அனு பையோட தூக்கிக் கடாச சொல்லிச்சு. நான்தான் எடுத்து வெச்சேன். இதுதான எம்புள்ளைய சாவடிச்சது?"

"இது இல்லம்மா. இது வேற மிஷின்ல கழட்டுன பழசு. இதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு எப்டி சொல்ற? பாத்தா தெரியுமா?"

"பாத்தா தெரியாது."

வண்டிச் சாவியை எடுத்து இரண்டு திருகுகளுக்கும் குறுக்கே வைத்துக் காட்டினேன். உள்ளே மின்சாரம் தேங்கியிருந்தால் பட்டென்று பொறி பறந்திருக்கும் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதும் அவர் பக்கத்தில் வரவில்லை. முப்பது வருடமாகச் சுறாவையும் நண்டையும் வெறும் கையால் புரட்டுகிற மனுஷி, ஒரு தகர டப்பாவுக்குப் பயந்து சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டு மீன் மார்க்கெட்டில் மதியம் ஒன்றரை மணி. வியாபாரம் ஓய்ந்து, மேடைகளைக் கழுவித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே போன் செய்து, "கங்கா, நைனா, இன்னிக்கு ஒரு எட்டு வந்துட்டு போ" என்று கூப்பிட்டிருந்தார். எட்டு மாதமாக நான் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாவுக்கு வந்தேன், முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன், அத்தோடு சரி. அதற்குப் பிறகு சாந்தோம் பக்கம் வேலை வந்தால்கூட வேறு ஆளை அனுப்பினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்ததோ இல்லையோ, என் வண்டிக்கு விஷயம் தெரிந்திருந்தது. லஸ் முனை வந்தால் தானாக வேறு பக்கம் திரும்பிவிடும்.

நானும் பிரசாத்தும் ஒரே கம்பெனியில் கார் சார்ஜர்களைப் பழுது பார்க்கிறவர்கள். நான் பார்க்கிறேன், அவன் பார்த்தான் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு மதியம், தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் அடித்தளக் கார் நிறுத்தத்தில், சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்த மிஷினுக்குள் கை வைத்து அவன் செத்துப்போனான். முப்பத்திமூன்று வயது. மனைவி அனு, எல்கேஜி படிக்கிற ஒரு மகள், மீன் விற்கிற அம்மா.

"ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாள்" என்றார் லூர்துமேரி அம்மா. "மொத வருசம். பூ சொல்லிட்டேன், மெழுவத்தி வாங்கிட்டேன். அனு வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. அஞ்சு நிமிசம் பொறுக்க முடியாம என்னையும் கொழந்தையையும் வுட்டுட்டு போனவனுக்கு நான் எதுக்கு மெழுவத்தி ஏத்தணும்னு கேக்குது. அவன் போட்டோவ செவுத்த பாக்கத் திருப்பி வெச்சுகீது. நான் இன்னா சொல்வேன்? இங்க மார்க்கெட்ல மட்டும் இன்னா வாழுது. லூர்து புள்ள அவசரக்காரன், அவசரத்துல கைய வுட்டுட்டான்றாங்கோ. எட்டு மாசமா காதுல வாங்கிகினு கீறேன்."

ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல கங்கா. அவன் கரண்ட ஆஃப் பண்ணிட்டுத்தான் தொறந்தான்னு போலீஸ்காரனே சொன்னான். ஆஃப் பண்ணா அப்பறம் எப்டி ஷாக் அடிக்கும்? கெப்பாசிட்டர் கெப்பாசிட்டர்ன்றாங்கோ. அது இன்னா? எனக்குப் புரியிற மாரி சொல்லு. யாரும் சொல்லல."

அந்த 'அஞ்சு நிமிசம்' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனியின் அறிக்கையில் அவனைப் பற்றி இரண்டே வரி. மின்சாரத்தை நிறுத்திய பின் ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே உள்ளே தொட வேண்டும். இந்த நடைமுறை பின்பற்றப்படவில்லை. அவ்வளவுதான். எழுதியவர் எதைப் பின்பற்றவில்லை என்று பிரித்துச் சொல்லவில்லை. ஊர் வாய் அதை எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் பொறுக்காதவன் என்று ஆக்கிவிட்டது. சாவு வீட்டிலேயே ஒருவர், யானைக்கும் அடி சறுக்கும் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கையை முறித்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் பிரசாத்தைப் போலப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. பாலிடெக்னிக் முடித்து, சைதாப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் எலெக்ட்ரிக் ஆட்டோக்களின் மோட்டார் கன்ட்ரோலர் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு. கன்ட்ரோலருக்குள்ளும் இதே கெப்பாசிட்டர்கள்தான், சின்ன சைஸ். காலியாக இருக்கிற கெப்பாசிட்டரோடு பேட்டரியை நேரடியாக மாட்டினால், அது காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி ஒரே வாயில் கரண்டை இழுக்கும். பட்டென்று நீலப் பொறி பறந்து பிளக்கின் முனை கருகும். நான் அப்படித்தான் மாட்டுவேன், ஆட்டோக்காரர் நாலு பேர் வாசலில் நிற்கும்போது யாருக்குப் பொறுமை. பிரசாத் அப்படிச் செய்ய மாட்டான். முதலில் கரண்டை மட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டரை நடுவில் வைத்து, அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவான். வாய்விட்டு ஐந்து எண்ணுவான். "பசியில வந்தவனுக்கு மொதல்ல தண்ணி குடு மச்சி, அப்பறம் சோறு போடு" என்பான். பிறகுதான் பிளக்கை மாட்டுவான். சத்தமே வராது. என் பிளக்குகள் எல்லாம் கருகியிருக்கும், அவனுடையவை புதிது மாதிரி இருக்கும். அவனைத்தான் அவசரக்காரன் என்கிறது ஊர்.

"லாரித் தண்ணி வருதுல்லம்மா" என்று ஆரம்பித்தேன். "வந்தா டிரம்முல புடிச்சு வெக்கிறீங்க. லாரி விட்டு விட்டுத்தான் வருது. ஆனா வூட்ல தண்ணி எப்பவும் இருக்கணும், அதுக்கு டிரம் வேணும். அதான் இது. லைன்ல வர்ற கரண்ட் அலை மாரி ஏறி எறங்கி வரும். காருக்கு அது ஒரே சீரா போவணும். அதுக்காக மிஷினுக்குள்ள இத மாரி டப்பாங்க வரிசையா நிக்கும், கரண்ட புடிச்சு வெச்சுகினு."

"அப்ப ஆஃப் பண்றதுன்னா லாரிய திருப்பி அனுப்புறது. டிரம் ரொம்பித்தான் நிக்கும்."

டிப்ளமாவில் இரண்டு செமஸ்டர் எனக்கு ஏறாத பாடம் அது. வாத்தியார் போர்டு முழுக்கச் சமன்பாடு எழுதினார், டிரம்மைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"ஆமாம்மா. அது அப்டியே நின்னா ஆபத்துன்னு டிரம்முக்கு அடியில ஓட்டை மாரி ஒண்ணு வெச்சுகீறாங்கோ. வெரல் நீளத்துல ஒரு ரெசிஸ்டர். லாரி போனதும் அது வழியா வடிய ஆரம்பிக்கும். அஞ்சு நிமிசத்துல காலி. கூடவே ஒரு சின்ன செவப்பு லைட்டு. தண்ணி இருக்கற வரைக்கும் எரியும். லைட்டு அணைஞ்சிட்டா காலின்னு அர்த்தம். அப்பறம் கைய வெக்கலாம்."

"லைட்டு அணைஞ்சுதா?"

"அணைஞ்சுதான் இருந்துச்சு."

"அவன் பாத்தானா?"

பார்த்தான். நான் பார்த்திருக்கிறேன், அவன் பார்த்ததை. கார் நிறுத்தத்தின் கேமராப் பதிவை மேலாளர் விஜயராகவன் சார் அடையாறு ஆபீஸில் எனக்குப் போட்டுக் காட்டினார். சத்தம் இல்லாத படம். பிரசாத் பிரேக்கரை இறக்குகிறான், மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்க்கிறான், மூடியின் உள்பக்கத்தைக் குனிந்து படிக்கிறான். பிறகு டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருகிறான். ஏழு நிமிடம் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் போனை எடுத்து யாருடனோ பேசுகிறான். எழுந்து, சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தைக் குனிந்து பார்க்கிறான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்கிறான். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

மீட்டர் வைக்கவில்லை, அது உண்மை. புத்தகத்தில் மீட்டர் என்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் கம்பெனியில் பதினொரு பேர், பதினொரு பேரும் விளக்கைத்தான் பார்ப்போம். அதுவரை விளக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

பார்த்தான் என்று லூர்துமேரி அம்மாவிடம் தலையை ஆட்டினேன். அவர் மேடையில் மிச்சமிருந்த ஒரு சின்னத் திருக்கையை எடுத்து என் முன்னால் போட்டார். தட்டையாக, மண் நிறத்தில், வால் இருந்த இடத்தில் ஒரு வெட்டு மட்டும்.

"வால் எங்க பாரு. வலைய இழுக்கறப்பவே ஒடிச்சு கடல்ல வீசிடுவாங்கோ. அந்த வால்லதான் முள்ளு. திருக்கை செத்து நாறிப்போனாக்கூட முள்ளு மட்டும் உசுரோட கீற மாரி. குத்துச்சின்னா ஆம்பள ஆளு மண்ணுல உருளுவான். சில நேரம் மீனு ஜாஸ்தி, ஒடிக்க முடியாது. அப்ப அத தனியா ஒரு கூடையில போட்டு, முள்ளு கீது முள்ளு கீதுன்னு கத்திகினே கரையில குடுப்பான். கத்தாம குடுத்து யாருக்காச்சும் குத்துச்சின்னு வையி, கையக் குடுத்தவன யாரும் கேக்க மாட்டோம். கூடையக் குடுத்தவனத்தான் கேப்போம்."

கையை ஐஸ் தண்ணீரில் கழுவிக்கொண்டார்.

"ஓட்டை இருந்தா வடிஞ்சிருக்கும். வடியல. லைட்டு பொய் சொல்லிச்சு. அப்ப உங்க ஓட்டைய யாரு அடச்சது கங்கா?"

பெரிய பெரிய இன்ஜினியர்கள் உட்கார்ந்த விசாரணையில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. விஜயராகவன் சாருக்குத் தெரியும். போர்டைக் கழற்றிப் பார்த்தவர் அவர். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் ஈயப் புள்ளிகள். என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "போன உயிர் திரும்பாது கங்காதரன். நீங்களும் சேர்ந்து போகணுமா? அவர் மீட்டர் வைக்கலை, அது போதும். நீங்க சும்மா இருங்க" என்றார். சும்மா இருப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா. எட்டு மாதம் இருந்தேன்.

அவன் சாவதற்கு முந்தைய தீபாவளி வாரம் அது. அதே மிஷின், அதே அடித்தளம். தி.நகரே துணிப்பையும் ஹாரனுமாகத் திணறிக்கொண்டிருந்தது. மிஷின் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். திறந்தேன். அந்த ரெசிஸ்டர் கருகி, அதன் சாம்பல் பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாற்று ரெசிஸ்டர் கைவசம் இல்லை, வர இரண்டு வாரம் ஆகும். அது இல்லாமலும் மிஷின் ஓடும். காரை ஓட்டப் பிரேக் தேவையில்லை என்கிற மாதிரி. கருகியதை வெட்டி எடுத்தேன், சுத்தம் செய்தேன், போட்டுப் பார்த்தேன், ஓடியது. விளக்கும் ரெசிஸ்டரும் ஒரே வழியில் இருப்பவை. அது போனதால் விளக்கு எரியவே இல்லை. உள்ளே எழுநூறு வோல்ட் நிற்கும்போதும் எரியாது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, சைதாப்பேட்டைக் கொட்டகையிலிருந்து நானும் பிரசாத்தும் கொண்டுவந்தது, பிறகு கம்பெனி முழுக்கப் பிடித்துக்கொண்டது. எதையாவது கழற்றிவிட்டு மிஷினை ஓட விட்டால், மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுத வேண்டும். தேதி, பெயர், என்ன இல்லை. அடுத்து யார் திறந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பான்.

மார்க்கர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எழுதத்தான் போனேன். அப்போது மூடியின் ஒரு ஸ்க்ரூ கை நழுவி உருண்டு, பக்கத்தில் நின்ற காருக்கு அடியில் போய்விட்டது. வெளியே மூன்று கார்கள் சார்ஜுக்கு நிற்கின்றன என்று காவலாளி வந்து வந்து கத்துகிறார். நான் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில், அந்த ஒற்றை ஸ்க்ரூவைப் பத்து நிமிடம் தேடினேன். கிடைத்தது. அப்படி ஒரு சந்தோஷம். பன்னிரண்டு ஸ்க்ரூவையும் பதவிசாக முடுக்கி, மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, நல்ல வேலைக்காரன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரத்தில் மாற்று ரெசிஸ்டர் வந்தது. வேறு வேலை, வேறு வேலை என்று அது என் வண்டிப் பெட்டியிலேயே கிடந்தது. ஸ்க்ரூ இல்லாமல் ஒரு மூடி நின்றிருக்கும். எழுத்து இல்லாமல் அது நிற்கக் கூடாது. எனக்குத் தேடத் தெரிந்தது ஸ்க்ரூவை.

"நான்தாம்மா" என்றேன்.

என் குரல் எனக்கே அடுத்த மேடையிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கருகியதை வெட்டியது, மார்க்கர், ஸ்க்ரூ. வரிசையாகச் சொன்னேனா, முன்னும் பின்னுமாகச் சொன்னேனா தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த வாலில்லாத திருக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வந்து, "சங்கரா இருக்கா, அரைக் கிலோ" என்று நின்றார். லூர்துமேரி அம்மா எழுந்தார். மீனை எடுத்துத் தராசில் வைத்தார். செதில் தேய்த்தார், வயிற்றைக் கீறினார், தலையைத் தனியாக வேண்டுமா என்று கேட்டார். அவர் என் மேல் அந்தக் கத்தியை வீசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மீனைக் கவரில் போட்டுக் கொடுத்து, அந்த அம்மா தெருவைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"பத்து செகண்டு கூட ஆவாதும்மா."

"சரி. நீ எழுதல. அவன் பாத்தான், எழுத்து இல்ல. அதோட வுட்டானா அவன்? உன்ன ஒரு வார்த்த கேக்கலியா?"

இதைத்தான் நான் விஜயராகவன் சாரிடம்கூடச் சொல்லவில்லை. போலீஸிடம் சொல்லவில்லை. என் வீட்டுச் சுவரிடம்கூடச் சொன்னதில்லை. கேமராப் பதிவில் அந்தக் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து அவன் பேசுகிறானே போனில், அந்தப் பக்கம் இருந்தது நான். அடையாறு சிக்னலில் வண்டியில் நின்றுகொண்டிருந்தேன், பச்சை விழ நான்கு வினாடி. "மச்சி, தீபாவளிக்கு நீ பாத்த மிஷின்தான் இது. ஏதாச்சும் கழட்டினியா?" என்று கேட்டான். நான்கு மாதத்தில் நாற்பது மிஷின். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். "ஒண்ணும் இல்ல மச்சி, எல்லாம் நார்மல்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினேன். மத்திய கைலாஷ் தாண்டுவதற்குள் அந்தப் பேச்சை மறந்தும் போனேன். அரை மணி நேரம் கழித்து அவன் செத்த சேதி போனில் வந்தபோதுதான் அந்த வெறும் புள்ளிகள் இரண்டும் என் கண் முன்னால் வந்து நின்றன.

"கேட்டாம்மா."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அவசரத்துல சொல்லிட்டேன். அவசரக்காரன் அவன் இல்லம்மா. நான்தான்."

அழுதேன். அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரியும், தெரிந்தே அழுதேன். அவர் அழவில்லை. இரண்டு கைகளையும் மேடையில் ஊன்றி, தலை குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முதுகு ஏறி இறங்கியது. என் கையிலிருந்த கெப்பாசிட்டரை அப்போதுதான் பார்த்தவர் போல, அதை வாங்கி, பயமில்லாமல், மீன் கழிவு வாளியில் போட்டார்.

"எட்டு மாசம்" என்றார். "எட்டு மாசமா எம்புள்ளைய நானே திட்டினேன் கங்கா. ராவுல படுத்துகினு, ஏண்டா பொறுக்கலன்னு திட்டினேன். அவன் கேட்டுகினு இருந்திருப்பான்."

மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள் வந்து, அதன் சைஸைப் பார்த்து எனக்கே வெட்கமாகி, உள்ளேயே போய்விட்டது.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எழுந்து வா" என்றார். அனுவிடம் கூட்டிப் போகிறார் என்று நினைத்தேன். வீடு பின்பக்கம், சீனிவாசபுரத்தில். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பக்கத்து மேடைக்குப் போய் நின்றார்.

"ஏ ஜெபமால. கத்திய கீழ வையி. இவன தெரியுதில்ல, எம்புள்ளையோட சிநேகிதன், கூட வேல செஞ்சவன். இவன் ஒரு சேதி சொல்றான், கேளு." என் பக்கம் திரும்பினார். "சொல்லு."

நான் ரெசிஸ்டர், சிவப்பு விளக்கு என்று தடுமாறி ஆரம்பித்தேன். ஜெபமாலைக்கு ஒன்றும் புரியவில்லை. லூர்துமேரி அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். கேக்கறதுக்கு பதில் சொல்லு. எம்புள்ள பொறுத்தானா இல்லியா?"

"பொறுத்தாரு."

"எவ்ளோ நேரம்?"

"ஏழு நிமிசம்."

"உன்ன கேட்டானா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

ஜெபமாலை என்னைப் பார்த்தார், பிறகு லூர்துமேரி அம்மாவைப் பார்த்தார். எழுந்து அவர் தோளைப் பிடித்தார். லூர்துமேரி அம்மா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, அடுத்த மேடைக்குப் போனார். அங்கே செங்கேணி என்கிற பெரியவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். "யோவ் செங்கேணி, நீதான பூசையன்னிக்கு எம்புள்ளைய அவசரக்காரன்னு சொன்ன. இவன கேளு." மறுபடியும் அதே கேள்விகள், அதே வரிசையில். அதே பதில்கள். இரண்டாவது தடவை என் குரல் கொஞ்சம் தெளிவாக வந்தது, அது இன்னும் கேவலமாக இருந்தது. செங்கேணி இறாலைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது மேடை. நான்காவது. செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. போகிற மேடைகளில் ஆட்கள் ஏற்கெனவே எழுந்து நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று லூர்துமேரி அம்மா விட்டுவிடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, அதே கேள்விகளைக் கேட்டார். எம்புள்ள பொறுத்தானா. எவ்ளோ நேரம். அந்தக் கேள்விக்கு நான் ஏழு நிமிடம் என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவர் தலை ஒரு முறை ஆமென்று அசைந்தது. அந்த வரிசையில் நாற்பது மேடையாவது இருக்கும்.

மழை தூற ஆரம்பித்தது. வரிசையின் மறுகோடியில், சாப்பாட்டுத் தூக்கோடு அனு வந்துகொண்டிருந்தாள். இடது கையில் குடை, குடைக்குள் யூனிஃபார்மில் மகள். மார்க்கெட்டே எழுந்து நிற்பது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டாள். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறாள். முகம் மலர்ந்தது. "வாங்கண்ணா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிற மாதிரி தூக்கைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

லூர்துமேரி அம்மா மருமகளைப் பார்த்தார். நிற்கவில்லை. அடுத்த மேடைக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சொல்லு கங்கா" என்றார்.

அனு நடையை எட்டிப் போட்டாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இன்னும் ஆறு மேடைகள் இருந்தன.